அஞ்சல்காரரின் ஒலிபெருக்கி

வீணையின் ஒலி தந்தியில் பிறக்கிறது, குடத்தில் வளர்கிறது. குடம் இல்லாத வீணையை மீட்டினால் தந்தியின் மெல்லிய முனகல் ஒன்றே கேட்கும். மேலைநாட்டுக் கிதாரும் இத்தகையதே. உட்குடைவான அதன் மரவுடல் தந்தியின் அதிர்வை வாங்கி, அதனைப் பெரிதாக்கித் தருகிறது. ஆனால், மின்கிதார் என்னும் கருவியை முதன்முறையாகக் கையில் எடுத்துப் பார்ப்பவர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கும். பெரும்பாலான மின்கிதார்களின் உடல் வெறும் கட்டைப் பலகையே. உள்ளே குடைவு இல்லை. கம்பி பூட்டாமல் அதனை மீட்டினால் எதிரே அமர்ந்திருப்பவர்க்கும் நன்றாகக் கேளாது. அதன் குடம் அதனிடத்தில் இல்லை. நீண்ட கம்பி ஒன்றின் மறுமுனையில், தரையில் கிடக்கும் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அப்பெட்டியின் பெயர் ஒலிபெருக்கி. இசைவாணர்கள் அதனை ஆம்ப்ளிஃபையர் என்றும், செல்லமாக ஆம்ப் என்றும் அழைப்பர்.

கிதாரை வாங்கும்போது மரத்தையும் வண்ணத்தையும் நூறு முறை ஆராய்கிறவர்களும் பெட்டியைப் பற்றி மிகுதியாக எண்ணுவதில்லை. குடத்தை மறந்து தண்டினை மட்டும் பார்த்து வீணை வாங்குவது போன்றது இது.

இலண்டன் மாநகருக்குக் கிழக்கே, தேம்ஸ் ஆற்றின் தென்புறத்தில், டார்ட்ஃபர்ட் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் வாழ்ந்த அஞ்சல்காரர் ஒருவரும் முப்பது ஆண்டுகள் அவ்வாறுதான் இருந்தார். அவர் இளமையிலேயே கிதாரின்மேல் காதல் கொண்டவர். மேடை ஏறியவர் அல்லர்; ஏற விரும்பியவரும் அல்லர். விடியுமுன் எழுந்து, கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்து அடுக்கி, வீடு வீடாக நடந்து கொடுத்து முடித்துப் பிற்பகலில் வீடு திரும்புவார். தேநீர் அருந்திய பின் ஒரு மணி நேரம் கிதாரும் கையுமாக அமர்வார். ஒரு நாளின் களைப்பெல்லாம் அந்த ஒரு மணியில் தீர்ந்துவிடும்.

முப்பது ஆண்டுகளில் அவர் கிதாரை மும்முறை மாற்றினார். பெட்டியை மாற்றவில்லை. திருமணமான புதிதில் வாங்கிய சிறிய டிரான்சிஸ்டர் பெட்டி அது. வாசிப்பு நன்றாக அமையாத நாள்களில், "கையில் குறை இல்லை, பெட்டிதான் சரியில்லை" என்று மனைவியிடம் சொல்லுவார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்று சொன்ன கதை தமிழர்க்குப் புதிதன்று. கூடம் எல்லா நாட்டிலும் கோணலாகத்தான் இருக்கிறது போலும்!

அவருக்கு ஐம்பத்தேழு வயதானபோது இடக்கைச் சுட்டுவிரலின் மூட்டு விறைக்கத் தொடங்கியது. காலை வேளைகளில் அஞ்சற்பையின் வாரைப் பற்றுவதே கடினமாயிற்று. மருத்துவர் பார்த்துவிட்டு, மூட்டுத் தேய்வு என்றார். "கிதாரை விட்டுவிட வேண்டுமா?" என்று அஞ்சல்காரர் கேட்டார். அவர் கேட்ட குரலில் இருந்த அச்சத்தை மருத்துவர் உணர்ந்திருக்க வேண்டும். "விரலை அசைப்பதை நிறுத்த வேண்டா. அதன்மேல் சுமத்தும் அழுத்தத்தைக் குறைத்துக் கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பினார். அழுத்தத்தை எவ்வாறு குறைப்பது என்பதை அவர் சொல்லவில்லை; மருத்துவர்க்குக் கிதார் வாசிக்கத் தெரியாது.

அன்று இரவு அஞ்சல்காரர்க்கு உறக்கம் வரவில்லை. இன்னும் எத்தனை ஆண்டுகள் இந்த விரல் ஒத்துழைக்கும் என்று எண்ணிப் பார்த்தார். இளமை முதலே வால்வு ஒலிபெருக்கி ஒன்று வாங்க வேண்டும் என்னும் ஆசை அவருக்கு இருந்தது. பிள்ளைகளின் படிப்பு ஒருமுறை குறுக்கே வந்தது. கூரையின் ஒழுக்கு ஒருமுறை வந்தது. ஆசை பின்தள்ளிக்கொண்டே போயிற்று. இப்போது காலம் அதனை முன்னே தள்ளியது. மனைவியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்த அம்மையார், "வாங்குங்கள். பெட்டி சரியில்லை என்னும் பேச்சாவது இந்த வீட்டில் ஓயும்" என்றார்.

வால்வுப் பெட்டிகளில் பல வகை உண்டு. அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில், வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த லியோ ஃபெண்டர் 1940ஆம் ஆண்டுகளில் தொடங்கிய வகை ஒன்று. இலண்டனின் ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், ஃபெண்டரின் பெட்டி ஒன்றை முன்மாதிரியாகக் கொண்டு 1962இல் தம் கூட்டாளிகளுடன் செய்த வகை மற்றொன்று. ஆனால், அஞ்சல்காரர் மனம் வேறிடம் செல்லவில்லை. அதற்குக் காரணம் அவர் ஊர்ப்பற்றே.

டார்ட்ஃபர்டில் டாம் ஜென்னிங்ஸ் என்பவர் இசைக்கருவி நிறுவனம் ஒன்றை நடத்தி வந்தார். டிக் டென்னி என்பவர் அவருடைய நண்பர், கிதார் வாசிப்பவர், மின்கருவிகள் செய்வதிலும் வல்லவர். டென்னி தாம் வடிவமைத்த ஒலிபெருக்கியை ஜென்னிங்சிடம் காட்ட, அது 1958இல் வாக்ஸ் ஏசி 15 என்னும் பெயரோடு விற்பனைக்கு வந்தது. அதன் ஆற்றல் 15 வாட். அக்காலத்தில் புகழ்பெற்று வந்த 'ஷேடோஸ்' என்னும் குழுவினர் அதனை விரும்பி ஏற்றனர். அரங்கில் இளைஞரின் ஆரவாரம் மிகுந்தபோது 15 வாட் போதவில்லை. இன்னும் உரத்த பெட்டி வேண்டும் என்றனர். அவ்வாறு பிறந்தது 30 வாட் பெட்டி. பீட்டில்ஸ் குழுவினரும் 1962 முதல் அந்நிறுவனத்தின் பெட்டிகளையே கொண்டனர். 1965 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் ஐம்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுப்பிய கூச்சலுக்கு முன்னே, அவர்களுடைய 100 வாட் பெட்டிகளும் தோற்றன என்பது உலகறிந்த செய்தி.

ஷேடோஸ் குழுவின் 'அப்பாச்சி' என்னும் இசைத்தட்டு 1960இல் பிரிட்டன் முழுவதும் ஒலித்தது. சொற்கள் இல்லாத, கிதாரே பாடும் பாட்டு அது. அஞ்சல்காரரின் தந்தையார் அத்தட்டினைப் போற்றி வைத்திருந்தார். சிறுவனாக இருந்தபோது கேட்ட அந்த இசையே அவரைக் கிதாரின்பால் இழுத்தது. முப்பது ஆண்டுகளாக அவர் அதனை வாசித்து வந்தார். ஆனால் நடுவே ஓரிடம் மட்டும் அவருக்கு ஒருநாளும் வழுவின்றி அமைந்ததில்லை. அதற்கும் பெட்டியே காரணம் என்பது அவர் துணிபு.

அவர் வாங்கிய பெட்டி எந்த நிறுவனத்தினது என்பது இங்கு வேண்டுவதன்று. அது பழைய 15 வாட் அமைப்பைத் தழுவியது. 2022ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் ஒரு மாலைப்பொழுது, அவரும் அவர் மகனும் அதனை இருபுறமும் பற்றிக் கடையிலிருந்து கொணர்ந்தனர். இருபது கிலோவுக்கு மேற்பட்ட எடை. மின்மாற்றிகளின் இரும்பு நெஞ்சே அந்த எடைக்குப் பெருங்காரணம். கடைக்காரர் முதியவர், பேச்சில் சிக்கனமானவர். விடை கொடுக்கும்போது அவர் சில சொற்கள் கூறினார்: "ஸ்பீக்கரின் கம்பியைக் கழற்றிவிட்டுப் பெட்டியை ஒருபோதும் ஓட்டாதீர்கள், மின்மாற்றி கெடும். பின்புறத்தைத் திறந்து உள்ளே கை வைக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் முந்நூறு வோல்ட் உள்ளே பதுங்கிக் கிடக்கும். அது பாம்பு போன்றது."

வீட்டில் பெட்டியைக் கூடத்தின் மூலையில் வைத்து, விசையைத் தட்டினார். ஒலி வரவில்லை. கம்பியைத் திருகிப் பார்த்தார். அப்போதும் வரவில்லை. பிறகே அவருக்கு நினைவு வந்தது: வால்வு சூடேற வேண்டும். தமிழ்நாட்டு வீடுகளிலும் ஒரு காலத்தில் இக்காட்சி இருந்தது. மரப்பெட்டி வானொலியின் குமிழைத் திருகிவிட்டு, செய்தி தொடங்குமுன் அது சூடேற வேண்டுமே என்று வீட்டார் காத்திருந்த நாள்களை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். அந்த வானொலிக்குள் இருந்ததும் வால்வே. பின்புறக் கம்பிவலை வழியே அஞ்சல்காரர் எட்டிப் பார்த்தார். கண்ணாடிக் குழல்களின் நடுவே அகல்விளக்கின் திரி போலச் செந்நிறம் ஒன்று மெல்ல அரும்பியது. சூடேறிய தூசியின் மணம் எழுந்தது. அரை நிமிடத்தில் ஸ்பீக்கரிலிருந்து மெல்லிய ரீங்காரம் கேட்டது. பெட்டி விழித்துக்கொண்டது.

அந்தக் கண்ணாடிக் குழலுக்குள் நடப்பது என்ன? காற்று நீக்கப்பட்ட குழலின் நடுவே உலோகத் தண்டு ஒன்று இருக்கிறது. அது சூடேறியதும் எலக்ட்ரான் என்னும் நுண்துகள்கள் அதிலிருந்து கிளம்புகின்றன. சற்றே தள்ளி ஒரு தகடு, நேர்மின்னேற்றத்தோடு அவற்றை ஈர்க்கிறது. ஓட்டம் ஒரு திசையில்தான் நிகழும், திரும்பி வாராது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியர் ஃபிளெமிங் 1904இல் இத்தகைய குழலை அமைத்து, ஒருவழியே திறக்கும் கதவு என்னும் பொருளில் அதற்கு வால்வு எனப் பெயரிட்டார். 1906இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் தண்டுக்கும் தகட்டுக்கும் இடையே கம்பிவலை ஒன்றை நிறுத்தினார். சிறியதொரு மாற்றம், ஆனால் வானொலி முதல் தொலைதூரத் தொலைபேசி வரை அதிலிருந்து கிளைத்தன.

ஏரியின் மதகை அறிந்தவர்க்கு அவ்வலையின் செயல் எளிதில் விளங்கும். மதகுப் பலகையைச் சிறுவன் ஒருவனும் ஏற்றி இறக்கலாம். ஆனால், அவன் கையசைவுக்கு ஏற்பப் பாய்வதோ ஏரியின் நீர். வயலை நனைப்பது சிறுவனின் வலிமையன்று, ஏரியின் வலிமை. கிதாரின் தந்தி அசைவதால் எழும் மின்துடிப்பு மிக மெலிந்தது. அத்துடிப்பு வலையை அடைந்து, பலகை போல ஏறி இறங்குகிறது. அதற்கேற்பப் பெரிய மின்னோட்டம் கூடியும் குறைந்தும் பாய்ந்து, முடிவில் 12 அங்குல ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை அசைக்கிறது. மெலிந்த துடிப்பு அறையை நிறைக்கும் ஒலியாகிறது.

அஞ்சல்காரர் ஆவலோடு 'அப்பாச்சி'யைத் தொடங்கினார். ஒலிக்குமிழ் இரண்டில் நின்றது. நான்கைந்து அடிகள் வாசித்ததும் அவர் முகம் சுருங்கியது. ஒலி தெளிவாக இருந்தது. தெளிவு மிகுதியாகவே இருந்தது. விரல் தந்தியை உரசும் ஓசை, அடியில் ஏற்பட்ட ஏற்றத்தாழ்வு, ஒரு சுரத்தைச் சற்று முன்னதாகவே விட்டுவிட்ட பிழை ஆகிய அனைத்தும் மறைவின்றிக் கேட்டன. பழைய பெட்டி எல்லாவற்றையும் ஒரேவகைக் கரகரப்பில் போர்த்தி வைத்திருந்தது. இது போர்வையை விலக்கிவிட்டது. "இதற்கா இத்தனை பணம்?" என்று அவருக்குத் தோன்றியது. பெட்டியை முப்பது நாள்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று கடைச்சீட்டில் எழுதியிருந்ததை எடுத்துப் படித்துப் பார்த்தார்.

மறுநாள் பிற்பகல் வீட்டில் ஒருவரும் இல்லை. குமிழை ஆறுக்குத் திருகினார். ஒரே ஒரு தந்தியை மீட்டினார். அதன்பின் நெடுநேரம் அவர் அடுத்த தந்தியைத் தொடவில்லை. அந்த ஒலி எழுந்தது, தடித்தது, தேன் வடிவதுபோல் நீண்டது, ஓய்வதற்குள் பாடகனின் குரல் போல ஓரத்தில் சிறிதே கம்மியது. அவர் கைமயிர் சிலிர்த்தது. மென்மையாக மீட்டினால் மணியோசை. ஓங்கி மீட்டினால் உறுமல். குமிழைத் தொட வேண்டியதே இல்லை. வலக்கையின் வலிமைக்கு ஏற்பப் பெட்டி விடை கூறியது.

உண்மையை நோக்கினால் அந்த இனிமை ஒரு குற்றத்தின் பயன். ஏரியின் கரைக்கு மேல் நீர் உயர முடியாதது போல, வால்வுக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லையைத் தொட்டதும் ஒலியலையின் முகடு மழுங்கும். மழுங்கும்போது மூலச் சுரத்தோடு அதன் மடங்குகளான மேற்சுரங்கள் பல கூடும். ஒலிப்பொறியாளர் இதனைத் திரிபு என்று பெயரிட்டு, அகற்றவே முயன்றனர். கிதார்க்காரர்களோ அதனை வாரி அணைத்துக்கொண்டனர். 1951இல் மெம்பிஸ் நகரின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஐக் டர்னரின் குழுவினர் கொணர்ந்த ஒலிபெருக்கி வழியிலேயே பழுதாகியிருந்தது. கிழிந்த ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து, அதைக் கொண்டே 'ராக்கெட் 88' என்னும் பாடலைப் பதிந்தனர். அந்தக் கரகரப்பே அப்பாடலின் அழகாயிற்று. 1964இல் 'கிங்க்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ் என்னும் இளைஞர், தம் சிறிய பெட்டியின் ஸ்பீக்கர்க் கூம்பைச் சவரத் தகட்டால் தாமே கீறிவிட்டார். அவ்வாறு பிறந்த உறுமல் பிரிட்டனின் முதலிடப் பாடலாக எங்கும் ஒலித்தது. குற்றமும் சில வேளைகளில் குணமாகும் என்பதற்கு இசையுலகில் இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

நான்காம் நாள் மாலை வாயிற்கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு அம்மையார் நின்றுகொண்டிருந்தார். அத்தெருவின் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. அந்த அம்மையார் மருத்துவமனையில் இரவுப்பணி புரியும் செவிலி, பகலில்தான் உறங்குவார். பதினொரு ஆண்டுகள் அயலாராக இருந்தும் அவர் ஒருநாளும் முறையிட்டதில்லை.

அஞ்சல்காரர் நிலைமையை உணர்ந்து, "மன்னியுங்கள் அம்மா. 15 வாட் என்பது சிறியது என்று எண்ணிவிட்டேன்" என்றார்.

"வாட் கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் நேற்று நீங்கள் ஒரே இடத்தில் பதினெட்டு முறை தவறினீர்கள். பத்தொன்பதாம் முறையாவது சரியாக வரும் என்று படுக்கையில் விழித்தபடி காத்திருந்தேன். நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். அதன்பின் உறக்கமே வரவில்லை" என்றார் செவிலி.

அஞ்சல்காரர்க்கு நாணத்தால் பேச்சு எழவில்லை. இறுதியில் அம்மையாரே ஒரு வழி கூறினார். சனிக்கிழமைகளில் அவருக்குப் பணி இல்லை. பகலில் உறங்கவும் மாட்டார். அன்று பதினொரு மணி முதல் நண்பகல் வரை எவ்வளவு உரக்க வேண்டுமானாலும் வாசிக்கலாம். மற்ற நாள்களில் பெட்டி பேசக்கூடாது. அஞ்சல்காரர் உடன்பட்டார்.

வாட் கணக்கில் அவர் செய்த பிழை பலரும் செய்வதே. 30 வாட்டின் பாதி ஒலியை 15 வாட் தரும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் செவியின் கணக்கு வேறு. ஆற்றல் பாதியானால் ஒலி மூன்று டெசிபெல் மட்டுமே குறையும். அது செவிக்குச் சிறிய வேறுபாடு. ஒலி பாதியாகக் குறைந்ததாகத் தோன்ற வேண்டுமானால், ஆற்றல் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக வேண்டும். கூடத்துக்கு 15 வாட் வால்வுப் பெட்டி, குடிசைக்குள் கட்டிய யானை.

இரண்டாம் வாரத்தில் வேறு இரண்டு இடர்கள் தோன்றின. சில சுரங்களை வாசிக்கும்போது பெட்டிக்குள்ளிருந்து கண்ணாடிக் கிண்ணத்தைத் தட்டினாற்போன்ற ஓசை எழுந்தது. இஃது ஒன்று. இரண்டு தந்திகளை ஒருங்கே மீட்டும்போது ஒலி ஒன்றாமல், நாய் உறுமுவதுபோல் இடைவிட்டு இடைவிட்டுக் குமுறியது. இது மற்றொன்று. "பெட்டி சரியில்லை" என்னும் பழைய சொல் மீண்டும் வீட்டில் கேட்டது. மகனின் உதவியோடு பெட்டியைக் கடைக்குக் கொண்டு சென்றார்.

கடைக்காரர் பின்பலகையைக் கழற்றி, பென்சில் ஒன்றை எடுத்தார். அதன் முனையால் சிறிய வால்வுகளை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டினார். முதல் வால்வைத் தட்டியதும் ஸ்பீக்கரில் 'கிணிங்' என்று கேட்டது. அதனுள் இருந்த உலோகப் பகுதி ஏதோ நெகிழ்ந்து, அதிர்வை எல்லாம் ஒலியாக மாற்றிக்கொண்டிருந்தது. இது வால்வுகளுக்கு உரிய பழைய நோய். டென்னியின் முதற்பெட்டியில் இருந்த ஈஎஃப் 86 என்னும் வால்வு இந்நோய்க்குப் பெயர்போனது. பின்னாளில் அதனை நீக்கி, ஈசிசி 83 என்னும் வகையை வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். கடைக்காரர் பெட்டியை நிறுத்தி, வால்வு ஆறும்வரை காத்திருந்து, வேறொன்றைப் பொருத்தினார். கிண்கிணி ஓசை மறைந்தது. விலை சிறிதே.

"இரண்டாவது நோய்?" என்றார் அஞ்சல்காரர்.

கடைக்காரர் கிதாரை வாங்கி, அதே இரண்டு தந்திகளை அதே இடத்தில் பற்றி மீட்டினார். ஒலி ஒன்றுகூடி, கோவில் மணியின் கார்வைபோல் நின்றது. மீண்டும் அஞ்சல்காரர் மீட்டினார், குமுறல் எழுந்தது. கடைக்காரர் குனிந்து அவருடைய இடக்கையையே உற்று நோக்கினார்.

"ஐயா, தந்தியைப் பிடிக்க வேண்டும். நீங்கள் நெரிக்கிறீர்கள்" என்றார்.

தந்தியை வேண்டிய அளவுக்கு மேல் அழுத்தினால் அது மேலும் இழுபட்டு, சுரம் சற்றே உயர்ந்துவிடும். இரண்டு தந்திகளில் ஒன்று உயர்ந்தால் இரண்டும் இசையாமல் மோதும். தெளிவான ஒலியில் அம்மோதல் எளிதில் புலப்படாது. வால்வு தன் எல்லையைத் தொட்டு மேற்சுரங்களைக் கூட்டும்போதுதான் சிறிய பிணக்கும் பெரிய பூசலாகக் கேட்கும். பழைய பெட்டியின் கரகரப்பில் மறைந்துகிடந்த பிழை புதிய பெட்டியில் வெளிப்பட்டது. 'அப்பாச்சி'யின் நடுவே அவர் எப்போதும் தவறும் இடமும் விரல் ஓரிடத்தை விட்டு மற்றோரிடத்துக்கு விரைய வேண்டிய இடமே. நெரிக்கும் விரல் விரையாது. முப்பது ஆண்டுகள் அவர் தம் விரலையே நெரித்துக்கொண்டிருந்தார். மருத்துவர் சொன்ன சொல்லும் கடைக்காரர் சொன்ன சொல்லும் ஒன்றே என்பது, வீடு திரும்பும் வழியில்தான் அவருக்கு உறைத்தது. கடைச்சீட்டை அதன்பின் அவர் தேடவில்லை.

டிரான்சிஸ்டரைப் பழிப்பது முறையன்று. 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அது பிறந்தபின், வால்வின் சூடும் எடையும் உடையும் இயல்பும் இன்றி வானொலி சட்டைப்பைக்குள் புகுந்தது. பிற துறைகளில் வால்வு ஏறக்குறைய மறைந்தது. இன்று கிதார்க்காரர்களுக்கும் இசைச்சுவைஞர்களுக்குமாகவே ரஷியா, சீனா, ஸ்லோவாக்கியா முதலிய சில நாடுகளில் வால்வு செய்யப்படுகிறது. கணிப்பொறியின் துணைகொண்டு வால்வின் ஒலியைப் போலவே ஒலிக்கும் சிறு பெட்டிகளும் வந்துவிட்டன. ஒலிப்பதிவில் கேட்டு இரண்டையும் வேறு பிரித்தறிவது எளிதன்று. அஞ்சல்காரரின் மகன் அத்தகைய பெட்டி ஒன்றை வைத்திருந்தான். அது எடை குறைந்தது, விலையும் குறைந்தது, நள்ளிரவிலும் காதணி வழியே வாசிக்கலாம். எந்தப் பெட்டி சிறந்தது என்னும் வழக்கில் தந்தையும் மகனும் சில இரவுகள் உணவு ஆறும்வரை பேசியதுண்டு. மகன் கூற்றிலும் நியாயம் இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

வார நாள்களில் பெட்டி உறங்கியது. அஞ்சல்காரர் கம்பி பூட்டாத கிதாரை மடியில் வைத்துக்கொண்டு, எவ்வளவு மெல்லத் தொட்டால் சுரம் பிறக்கும் என்று தேடினார். முதலில் தந்தி பேசாத அளவுக்குத் தொடுவார். பிறகு இம்மி இம்மியாக அழுத்தத்தைக் கூட்டுவார். சுரம் தெளிந்த இடத்தில் நிறுத்துவார். பழைய வழக்கம் எளிதில் விடவில்லை. கவனம் சிதறினால் விரல் மீண்டும் நெரிக்கும். ஆயினும் சில வாரங்களில் சுட்டுவிரலின் வலி மாலை வேளைகளில் குறையக் கண்டார். காலை விறைப்பு மட்டும் அப்படியே இருந்தது. அது போகாது என்று மருத்துவர் முன்னரே சொல்லியிருந்தார்.

டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. வெளியே உறைபனி. பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே அவர் விசையைத் தட்டி, குழல்கள் சிவப்பதைப் பார்த்தபடி விரல்களைத் தேநீர்க் கோப்பையில் சூடேற்றிக்கொண்டார். மணி அடித்ததும் குமிழை ஐந்தில் வைத்து 'அப்பாச்சி'யைத் தொடங்கினார். நடுவிடத்தில் தவறினார். மறுபடியும் தொடங்கினார், மறுபடியும் தவறினார். மூன்றாம் முறை, விரல் தந்தியைத் தொட்டதா என்று அவருக்கே ஐயம் எழும் அளவுக்கு மெல்லத் தொட்டு, அந்த இடத்தைக் கடந்தார். கடந்துவிட்டோம் என்பதை அவர் உணர்ந்தபோது பாட்டு இறுதிக்கு வந்துவிட்டது. கடைசிச் சுரம் நெடுநேரம் நின்று மெல்ல ஓய்ந்தது.

அப்போது பக்கத்து வீட்டுச் சுவரில் இருமுறை தட்டும் ஓசை கேட்டது.

அஞ்சல்காரர் எழுந்து சென்று குமிழை நான்கிற்குக் குறைத்தார். அது பாராட்டா, முறையீடா என்பது அவருக்கு விளங்கவில்லை. பிறகு அமர்ந்து, முதலிலிருந்து வாசிக்கலானார்.